மோட்டார் எரியும் இரவுக்கு ஒரு மானியம்

தமிழ்நாட்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோவை, பல்லடம் வட்டாரத்துச் சிறு நூற்பாலையில் மோட்டார் எரிந்தால், முதலாளி முதலில் போன் போடுவது காயில் கட்டும் பட்டறைக்குத்தான். மூன்று ஷிப்டும் ஓடும் ஆலை. விடிவதற்குள் மோட்டார் திரும்பியாக வேண்டும். அவசரத்தில் பழைய காயிலைப் பொசுக்கி எடுக்கும்போது சூடு மிஞ்சினால், உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் காப்புப் பூச்சு கெட்டுவிடும். மோட்டார் ஓடும், கரண்டையும் கூடுதலாகத் தின்னும்.

20 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார்களின் மின்சிக்கனத் தரவரிசையில் பழைய ஐஇ1 தரத்தில் அதன் பயனுறுதிறன் 88.7 சதவீதம், ஐஇ3 தரத்தில் 92.1. முழுச் சுமையில் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் மிச்சம் ஏறக்குறைய 5,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றாலே ஒரு மோட்டாரில் 35,000 ரூபாய். காயில் கட்டிக் கெட்டுப்போனதாக இருந்தால் இன்னும் கூடும். அந்த மோட்டார் ஓராண்டில் குடிக்கும் மின்சாரத்தின் விலையோ ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல்! வாங்கும் விலையை மட்டும் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலேயே பெரும்பாலான தொழிற்சாலை மோட்டார்களுக்கு ஐஇ3 தரத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே 2017 முதல் ஐஇ2 கட்டாயம். ஆனால் இந்த விதிகளெல்லாம் புது மோட்டாருக்குத்தான். திரும்பத் திரும்பக் காயில் கட்டி ஓடும் பழசை எந்த விதியும் தொடுவதில்லை.

உங்கள் துறையின் 'பீஸ்' திட்டம் நல்ல திட்டம். மின் தணிக்கைக்கும், அது பரிந்துரைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் தருகிறது. ஆனால் தணிக்கை, விண்ணப்பம், ஒப்புதல் என்று அது நடந்து முடியும்வரை எரிந்த மோட்டார் காத்திருக்காது.

ஆகவே மானியத்தைப் பட்டறை வாசலுக்கே கொண்டுவாருங்கள். அதிகம் ஓடும் அளவுகளில் ஐஇ3 மோட்டார்களைத் தேர்ந்தெடுத்த பட்டறைகளில் இருப்பு வையுங்கள். எரிந்ததைக் கொடுத்தால் மானியம் கழித்த விலையில் புதிது. பட்டறைக்காரருக்குக் கமிஷன் கொடுங்கள். அவர் பிழைப்பில் கைவைக்கும் திட்டம் ஓடாது. வாங்கிய பழசை உடைத்துச் செம்பாகவும் இரும்பாகவும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதமே அது பழைய சாமான் சந்தைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: புது மோட்டார் சற்று வேகமாகச் சுற்றும். வேகம் கூடினால் ஃபேனும் பம்பும் கூடுதல் மின்சாரம் இழுக்கும்; புல்லி அளவைச் சரிபார்க்காவிட்டால் மிச்சம் காணாமல் போகும். பட்டறைக்காரர்களுக்கு இதில் பயிற்சி தேவை.

கோவை மாவட்டத்தில் மட்டும் ஓராண்டு நடத்திப் பார்க்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தொழில்துறை பற்றி எழுதிவரும் ஒருவன்