இருட்டில் மரம் வெட்டினார்கள். ஓட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்!

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்று ஒரு நகரம். கத்தி, கரண்டிக்குப் பேர் போன ஊர். தொழிற்கட்சியின் கோட்டை.

அந்தக் கோட்டையில் 2021-ம் ஆண்டு மே 6-ந்தேதி ஓட்டை விழுந்தது. மாநகராட்சித் தேர்தலில் தொழிற்கட்சி மெஜாரிட்டியைப் பறிகொடுத்தது. மாநகராட்சித் தலைவர் பாப் ஜான்சனே ஹில்ஸ்பரோ வார்டில் மண்ணைக் கவ்வினார். அவரைத் தோற்கடித்தது பசுமைக் கட்சி!

காரணங்கள் பல சொல்லலாம். ஆனால் பிள்ளையார் சுழி போட்டது சாலையோர மரம்தான்.

தூங்கியவர்களை எழுப்பினர்

2012-ல் ரோடுகளைப் பராமரிக்க ஏமி என்ற தனியார் கம்பெனியிடம் 25 வருட கான்ட்ராக்ட் கொடுத்தது மாநகராட்சி. மதிப்பு 220 கோடி பவுன். ரோடு போடும் சாக்கில் மரங்கள் சாய ஆரம்பித்தன. நோய் பிடித்த மரம் மட்டுமல்ல, பிளாட்பாரத்தைத் தூக்குகிறது என்று நல்ல மரத்துக்கும் கோடரி விழுந்தது. ஜனங்கள் மரத்தடியில் வந்து நின்றார்கள்.

2016 நவம்பர் 17. பொழுது விடியவில்லை. ரஸ்ட்லிங்ஸ் ரோட்டில் போலீசார் கதவைத் தட்டி, "காரை எடுங்கள்" என்றார்கள். எட்டு மரங்கள் சாய்ந்தன. தடுக்கப் போனவர்களில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பெண்மணிகளும் கைதானார்கள்.

எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1992-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில்! தொழிலாளர் பெயரைச் சொல்லி ஆட்சிக்கு வந்த கட்சியின் ஊரில் பாட்டிமார் மீது அந்தக் கேஸ். பிறகு கேஸ் கைவிடப்பட்டது. அது வேறு விஷயம்.

அதோடு விட்டார்களா? இல்லை. மரத்துக்காகப் போராடிய பசுமைக் கட்சி கவுன்சிலர் அலிசன் டீலை ஜெயிலுக்கு அனுப்பக் கேட்டு 2017-ல் ஐகோர்ட்டுக்குப் போனது மாநகராட்சி. கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது.

மறைத்த கணக்கு

வெட்டியதைவிட மோசம், மறைத்தது. கான்ட்ராக்டில் 17,500 மரங்களை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படி இலக்கு எதுவும் இல்லை என்றே மாநகராட்சி சாதித்து வந்தது. 2018-ல் குட்டு வெளிப்பட்டது. வெட்டும் நின்றது. அதற்குள் 5 ஆயிரத்துக்கும் மேல் போயாச்சு.

இவ்வளவுக்கும் ஆட்சி உடனே கவிழாதது ஏன்? அங்கே 84 கவுன்சிலர்கள், 28 வார்டு. வழக்கமாக ஒரு தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குத்தான் ஓட்டு. எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் ஒரே நாளில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. தவணை முறையில்தான் அனுப்ப வேண்டும்.

அப்படித்தான் அனுப்பினார்கள். 2016-ல் தொழிற்கட்சிக்கு 57 இடம். 2018-ல் 53. 2019-ல் 49. கொரோனாவால் 2020 தேர்தல் தள்ளிப்போனது. 2021-ல் 41. மெஜாரிட்டிக்கு 43 வேண்டும். நாலு இடம் வைத்திருந்த பசுமைக் கட்சி 13-க்கு வந்தது.

லிபரல் டெமாக்ரட்டுகளும் 19-லிருந்து 29 ஆனார்கள். அவர்கள் சந்தோஷப்பட நியாயம் கொஞ்சம்தான். கான்ட்ராக்ட் பேச்சு வார்த்தை அவர்கள் ஆட்சியிலும் நடந்ததுதானே! பாப் ஜான்சன் பாடும் பாவம்தான். அவர் தலைவராகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு ஓட்டு

அதே நாளில் இன்னொரு ஓட்டும் நடந்தது. என் பார்வையில் அதுதான் பெரிய அடி. அங்கே சுமார் பத்துப் பேர் கொண்ட 'கேபினட்' முடிவெடுக்கும். மற்ற கவுன்சிலர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்த முறையே வேண்டாம், எல்லாக் கட்சியும் உட்காரும் கமிட்டி முறை வேண்டும் என்று 26 ஆயிரம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சட்டப்படி 5 சதவீத வாக்காளர் கேட்டால் ஓட்டெடுப்பு நடத்தியே ஆக வேண்டும்.

கமிட்டி முறைக்கு 89,670 ஓட்டு. எதிர்த்து 48,727. ஆளை மாற்றினால் வருகிறவனும் அதே அறையில் கதவைச் சாத்திக்கொள்வான் என்று ஷெபீல்டு ஜனங்களுக்குப் புரிந்திருக்கிறது. கதவையே கழற்றிவிட்டார்கள். 2022 மே முதல் கமிட்டி முறை வந்துவிட்டது.

2023 மார்ச்சில் சர் மார்க் லோகாக் விசாரணை அறிக்கை வந்தது. மாநகராட்சித் தலைமையின் தோல்வி என்று பச்சையாகச் சொன்னது. அதன் பிறகு, அந்த ஜூனில்தான் மாநகராட்சி முழு மன்னிப்புக் கேட்டது. கான்ட்ராக்ட் காலமோ, கையெழுத்திட்டபடி 2037 வரை.