ஞாபக சக்தியும் நமது பள்ளிக்கூடங்களும்

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் நமது நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடுநிசி கடந்தும் விளக்கு அணைவதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகள் படித்த பக்கத்தையே நான்காம் முறை, ஐந்தாம் முறை படித்துக்கொண்டிருக்கிறார்கள். தாயார் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு கூடவே விழித்திருக்கிறாள். பிள்ளை சிரமப்படுகிறான் என்று தகப்பனாருக்குத் திருப்தி. இச்சிரமத்தில் பெரும்பகுதி வியர்த்தம் என்று கூற நாம் பின்வாங்கவில்லை. மூளையைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்திருக்கும் ஆராய்ச்சி நமக்குத் துணை நிற்கிறது.

மூளையை ஒரு மரப்பெட்டியாக எண்ணுவதே தவறுக்கெல்லாம் மூலம். எத்தனை முறை திணிக்கிறோமோ அத்தனைக்குப் பெட்டி நிறையும் என்று பெற்றோரும் உபாத்தியாயர்களும் நம்புகின்றனர். ஞாபகமோ வீடு கட்டுவதைப் போன்றது. சுவர் எழும்பவும் உலரவும் காலம் வேண்டும்.

இதை உலகத்துக்கு விளக்கியவர் ஒரு நோயாளி. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தைச் சேர்ந்த ஹென்றி மொலேசன் என்பவர் காக்காய்வலிப்பினால் படாத பாடு பட்டார். 1953-ம் வருஷத்தில், அவருக்கு 27 வயதாயிருந்தபோது, ஹார்ட்போர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற வைத்தியர் அவருக்கு ரண சிகிச்சை செய்தார். மூளையில் இரு பொட்டுகளுக்கும் உட்புறமாக அமைந்துள்ள ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும், அதைச் சுற்றியுள்ள சில பாகங்களும் அகற்றப்பட்டன. வலிப்புக் குறைந்தது. ஆனால், அன்று முதல் புதிதாக நிகழ்ந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. புத்தி மழுங்கவில்லை, பேச்சும் தடுமாறவில்லை. தம்மைப் பல்லாண்டுகள் பரிசோதித்த பிரெண்டா மில்னர் அம்மையாரை மட்டும் ஒவ்வொரு முறையும் முன்பின் அறியாதவராகவே வரவேற்றார். சிகிச்சைக்கு முந்திய சில ஆண்டுகளின் ஞாபகமும் குன்றியிருந்தது. பால்யப் பருவமோ பத்திரமாயிருந்தது. சமீபத்தில் பெற்ற ஞாபகம் அந்த உறுப்பை நம்பியிருக்கிறது, நாள் செல்லச் செல்லத்தான் வேறிடத்தில் ஊன்றிக்கொள்கிறது என்று இதிலிருந்து விஞ்ஞானிகள் ஊகித்தனர்.

இன்னொரு விந்தை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நக்ஷத்திரப் படத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டும் வேலையை மில்னர் அவருக்குக் கொடுத்தார். எவ்வளவு சங்கடமான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று நாளில் மொலேசனின் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் மூன்றாம் நாளும் அவ்வேலையை முன்பு செய்த ஞாபகம் அவருக்கு இல்லை. கைப்பழக்கத்துக்கு ஒரு வழி, பாடத்துக்கும் சம்பவத்துக்கும் வேறு வழி என்பது தெளிவாயிற்று. 2008-ல் தமது 82-வது வயதில் அவர் இறக்கும்வரை உலகம் அவரை இரண்டு எழுத்துக்களால் மட்டுமே அறிந்திருந்தது. தம்மால் விளைந்த நன்மையைக்கூட அவரால் மனத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை!

ஞாபகம் ஊன்றும்போது மூளையில் நடப்பது என்ன? ஓடு வெளியே தெரியாத ஒருவகைக் கடல் நத்தையை வைத்து இதை ஆராய்ந்த எரிக் காண்டெல் 2000-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சில நிமிஷங்களே நிற்கும் ஞாபகத்துக்கு, நரம்பணுக்களுக்கு இடையே ஏற்கெனவே உள்ள இணைப்பு வலுப்பட்டால் போதும். நாட்கணக்கில் நிற்கவேண்டுமானால் அணுவுக்குள் புதிய புரோட்டீன்கள் உண்டாகவேண்டும். புதிய இணைப்புகளே முளைக்கவேண்டும். அதற்கு இடைவிட்டுப் பழக்குவதே ஏற்ற வழி.

நத்தை இருக்கட்டும், மனிதன் விஷயம் என்ன? ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர், தம்மையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து கணக்கெடுத்தார். ஒரே மூச்சில் 68 தடவை ஓதியதனால் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பங்கிட்டு ஓதியபோது 38 தடவையிலேயே கிடைத்தது. இது அவர் 1885-ல் வெளியிட்ட கணக்கு. இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும் பரீட்சைக்கு முதல்நாள் இரவை நாம் விட்டபாடில்லை.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கும் வெளியிட்ட சோதனை இதைவிட முக்கியமானது. ஒரு சாராரை ஒரு கட்டுரையை நான்கு தடவை படிக்கச் சொன்னார்கள். வேறொரு சாராரை ஒரு தடவை படித்துவிட்டு, பிறகு அதைப் பாராமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னின்றனர்: 83-க்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்களிடம் நூற்றுக்கு 40 பங்கு மிஞ்சியது. நினைவுகூர்ந்து எழுதியவர்களிடம் 61 பங்கு மிஞ்சியது. ஆனால், தங்களுக்குப் பாடம் நன்றாக நிற்கும் என்று அதிக நம்பிக்கையுடன் கூறியவர்கள் யார்? நான்கு தடவை படித்தவர்களே! கண்ணுக்குப் பழகிப்போன வரியைத் தெரிந்த வரி என்று மனம் ஏமாந்துவிடுகிறது. நடுநிசியில் நம் பிள்ளைகள் ஏமாறுவதும் இவ்விதமே.

தூக்கத்தைக் கெடுப்பது இன்னும் பெரிய நஷ்டம். கற்றபின் தூங்கினால், அதே நேரம் விழித்திருப்பதைவிட மறதி குறைவு என்பது 1924-லேயே ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவரால் காட்டப்பட்டது.

மனப்பாடமே கூடாது, அர்த்தம் புரிந்தால் போதும் என்று வாதிக்கும் சீர்திருத்தக்காரர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. மனத்தில் சரக்கு இல்லாதவன் எதை வைத்துச் சிந்திப்பான்? வாய்ப்பாடு தெரியாத பையன் கணக்கின் நயத்தை எப்படி உணர்வான்? நாம் குறை கூறுவது மனப்பாடத்தை அன்று. உள்ளே போட்டுக்கொண்டே இருந்து, பரீட்சை நாளன்று மட்டும் வெளியே எடுக்கச் சொல்லும் வழக்கத்தை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏட்டைப் பாராமல் ஒப்பிக்கும் வழக்கம் இருந்தது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சொல்லிக்கொடுப்பவன் தான் கற்றதை மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும். 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை மேற்பார்த்துவந்த ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், நம் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அவ்வழக்கத்தைக் கைக்கொண்டார். மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். பழைய திண்ணைக்கே திரும்பவேண்டும் என்பதன்று நமது கட்சி. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் இடமில்லை. பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்ததும் உண்டு. நல்ல அம்சத்தை விட்டுவிட்டு, கிளிப்பிள்ளைத்தனத்தை மட்டும் நாம் காப்பாற்றி வருகிறோம் என்பதே நமது வருத்தம்.

நாம் கோருவதற்குப் பணச் செலவில்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பின் முதல் ஐந்து நிமிஷத்தில், நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, சென்ற வாரத்ததில் ஒன்று, சென்ற மாதத்ததில் ஒன்று. புத்தகத்தை மூடி வைத்து விடை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து அவரவரே திருத்திக்கொள்ளட்டும். பள்ளிகளில் இப்போதே தேர்வுகளுக்குக் குறைவில்லையே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவை தரம் பிரிப்பதற்கும், வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொல்வதற்குமே பயன்படுகின்றன. பிள்ளை பயந்து, அண்டை அசலைப் பார்த்து எழுதுகிறான். பார்த்து எழுதினால் நினைவு வேலை செய்வது எங்கே? ஆகவே இந்த ஐந்து நிமிஷக் கேள்விகளுக்கு மார்க்கு போடக்கூடாது, எந்தப் பதிவேட்டிலும் ஏற்றக்கூடாது என்று கல்வி இலாகா தெளிவாக உத்தரவிட வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்கலாம்.