முதலீட்டாளருக்கு ஒரு கதவு, கர்ப்பிணிக்கு ஒரு கதவு

அனைத்துலகச் சட்டத்துக்கும் தேசியச் சட்டத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மலேசியாவில் எழுதப்படும் ஆய்வுகளில் என் கண்ணில் பட்டவை எல்லாம் ஒரே சொல்லில் போய் நிற்கின்றன: டூவலிசம். அரசாங்கம் வெளியே போய் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டாலும், நாடாளுமன்றம் அதை உள்நாட்டுச் சட்டமாக்கும்வரை நீதிமன்றத்தில் அது செல்லாது என்பது இதன் பொருள். ஏதோ இயற்கை விதியைச் சொல்வதுபோல் இதைச் சொல்லிவிட்டு ஆய்வாளர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். என் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் கர்ப்பமானார். கர்ப்பமானால் ராஜினாமா செய்ய வேண்டும் என்றது அவருடைய வேலை ஒப்பந்தம். மறுத்தார், 1991இல் நீக்கப்பட்டார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான சீடோ ஒப்பந்தத்தை மலேசியா 1995இல் ஏற்றது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 2005இல், கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு மேல்முறையீடு செய்யக்கூட அனுமதி தரவில்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சொல்லும் சமத்துவம் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாதாம்.

2011இல், மேருவிலிருந்து அதிக தூரமில்லாத ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் கதவு கொஞ்சம் திறந்தது. தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்த நூர்ஃபடிலா, கர்ப்பிணி என்று தெரிந்ததும் அந்த வாய்ப்பை இழந்தவர். நீதிபதி ஸலேஹா யூசோப் சீடோவைத் துணைக்கு வைத்து அரசியலமைப்பை வாசித்து, இது பாலினப் பாகுபாடு என்றார். 2014இல், பயிற்சிக் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது என்ற ஏர் ஆசியா ஒப்பந்தம் பற்றிய வழக்கில், சீடோவுக்கு இங்கே சட்ட வலிமை இல்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கதவைச் சாத்தியாச்சு.

'விதி அப்படி, நீதிபதி என்ன பண்ணுவார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதே விதி வேறு இடத்தில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசாங்கத்தோடு தகராறு செய்தால் அதைத் தீர்க்க உலக வங்கி ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. மலேசியா 1965இல் கையெழுத்திட்டது, 1966இல் அதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை அமல்படுத்தும் நியூயார்க் ஒப்பந்தத்தை 1985இல் ஏற்றோம். அதே 1985இல் அதற்கும் சட்டம். அப்போதெல்லாம் டூவலிசம் யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. சீடோவை முழுமையாக உள்நாட்டுச் சட்டமாக்கும் தனிச் சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை. பணத்துக்கு மாதக் கணக்கு, பெண்ணுக்குப் பத்தாண்டுக் கணக்கு. இதைக் கோட்பாடு என்று நான் ஏற்க மாட்டேன். இது அரசாங்கம் தெரிந்தே செய்யும் தேர்வு.

2018இல் ஐசெர்ட் விவகாரத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான அந்த ஒப்பந்தத்தை ஏற்கப் போவதாகச் சொன்ன அரசாங்கம் நவம்பரில் பின்வாங்கியது. டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பெருங்கூட்டம் கூடி அதைக் கொண்டாடியது. நாம் வீட்டில் உட்கார்ந்து வருந்தினோம். ஏற்றிருந்தாலும் நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை நீதிமன்றத்தில் எதுவும் மாறியிருக்காது என்பதை இரண்டு தரப்பும் பேசவில்லை. நீதிமன்றத்தில் செல்லாக் காசாகக் கிடக்கும் கையெழுத்து, தெருவில் நாட்டையே புரட்டிப்போடும் ஆயுதமாகிவிட்டது.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஐ.நா.வுக்கு மகஜர் கொடுத்து, படம் பிடித்து, பத்திரிகையில் போட்டால் போராட்டம் முடிந்தது என்று நினைக்கிறோம். இந்திரா காந்தி தன் பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றத்தை எதிர்த்து 2018இல் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றது எதை வைத்து? அரசியலமைப்பின் 12(4) பிரிவையும், தாய்க்கும் சம உரிமை தரும்படி 1999இல் நாடாளுமன்றம் திருத்திய பாதுகாவலர் சட்டத்தையும் வைத்து. உள்நாட்டில் எழுதிவைத்த வரிதான் அங்கே தாங்கிப் பிடித்தது.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். குழந்தை உரிமை ஒப்பந்தத்தை 1995இல் ஏற்றபோது, பெயரும் குடியுரிமையும் குழந்தையின் உரிமை என்னும் 7ஆவது பிரிவுக்கு மலேசியா விலக்கு கேட்டுக்கொண்டது. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் பள்ளி வாசலில் நிற்கும் தமிழ்ப் பிள்ளையின் தலையெழுத்து அந்த விலக்கிலும் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கத் தடை போட்ட வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1இல்தான் அமலுக்கு வந்தது. பியாட்ரிஸ் வேலையிழந்து 31 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆய்வாளர்களே, டூவலிசத்துக்கு இன்னொரு விளக்கம் வேண்டாம். எந்த ஒப்பந்தம் எத்தனை மாதத்தில் சட்டமானது, எது இன்னும் காத்துக் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். சாதாரணத் தமிழில் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு நாங்கள் போகிறோம்.