பிரிக்கலாம், தாய்ப்பத்திரத்தைத் தொலைக்காமல்

கோச்சடையில் மனை வாங்க வருபவர் முதலில் என்ன கேட்பார்? தாய்ப்பத்திரம் இருக்கிறதா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்றுதான். ஒரே வயல் பத்து மனையாகப் பிரிந்தாலும் ஒவ்வொரு மனைக்கும் அந்தப் பழைய கதை வேண்டும். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அதுதான் பதில் சொல்லும்.

மென்பொருள்காரர்கள் மட்டும் இதில் அலட்சியமாக இருப்பது ஏனோ! எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று பதிந்து வைப்பது கிட். அதில் உள்ள களஞ்சியம் பெருத்துப்போனால் நாலாகப் பிரிக்கிறார்கள். பலர் செய்வது, வேண்டிய ஃபோல்டரை காப்பி அடித்துப் புதுக் களஞ்சியத்தில் போட்டு "முதல் கமிட்" என்று எழுதிவிடுவது. வேலை முடிந்ததா? பிறகு சேரும் புதுப் பையன் ஒரு வரி புரியாமல் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால், எல்லா வரிக்கும் ஒரே பெயர், ஒரே தேதி. தேவையில்லாத வரி என்று அவன் அழித்தால், என்றோ சரிசெய்த பிழை திரும்பி வரும்.

க்யூட்டி 5-க்காக 2011-இல் க்யூட்டியின் ஒற்றைக் களஞ்சியத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். பழைய வரலாறு புதியவற்றுக்குள் வரவில்லை. ஆனால் எந்தப் பழைய கமிட்டிலிருந்து பிரிந்தது, பழைய வரலாறு வேண்டுமானால் எங்கே போய்ப் படித்து அதை ஒட்டிக்கொள்வது என்று முதல் கமிட்டிலேயே எழுதி வைத்தார்கள். தாய்ப்பத்திரம் வேறு வீட்டில் இருக்கிறது, விலாசம் இதோ என்பது மாதிரி. ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை. ஆனால் எத்தனை பேர் அந்த வீட்டுப் படியேறுவார்கள்?

வரலாற்றைக் கூடவே அனுப்புவதுதான் நல்லது. அதற்கு கிட் ஃபில்டர்-ரீப்போ இருக்கிறது. பழைய ஃபில்டர்-பிராஞ்சை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்தச் சொல்லி கிட் ஆவணமே சொல்கிறது. குறிப்பிட்ட ஃபோல்டரைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் இது பிரித்துத் தரும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபோல்டருக்கு முன்பு வேறு பெயர் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெயர் மாறிய நாளோடு கதை அறுந்துவிடும். அடுத்து, கமிட்டின் ஹாஷ் எண்கள் மாறிவிடும். பழைய பிழைப் பட்டியலில் குறித்த எண்கள் புதுக் களஞ்சியத்தில் கிடைக்காது. எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணானது என்று கமிட்-மேப் கோப்பில் இருக்கும். அதைப் பத்திரப்படுத்தி, பழைய களஞ்சியத்தையும் அழிக்காமல், படிக்க மட்டும் திறந்து வைக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள், பிரிக்கிற நாளில் அங்கே இருப்பவர்கள். அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அவர்கள் வேலை மாறிப் போன பிறகு வருகிறவர்களுக்குத்தான் இந்தப் பத்திரம் தேவைப்படும்.