குட்டி வீலுக்கு ஸ்பீடு மோட்டார்!

கந்தர்வக்கோட்டையில் காலேஜ் பஸ்ஸைக் 'கோட்டை' விட்டவங்க எல்லாம் கையைத் தூக்குங்க! அந்தக் கடுப்பில் தம்பியோட 20 இன்ச் சைக்கிளில் ஹப் மோட்டார் மாட்டக் கிளம்பிட்டீங்களா? கடையில் '25 கி.மீ. போகும்'னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. அது 26 இன்ச் வீலுக்குப் போட்ட கணக்கா இருக்கலாம்.

சிம்பிள் கணக்குதான் பாஸ். 26 இன்ச் வீல் ஒரு சுற்றுக்கு சுமார் 2.07 மீட்டர் ஓடும். 20 இன்ச் சுமார் 1.6 மீட்டர்தான். நிமிஷத்துக்கு 200 சுற்று சுத்துற மோட்டார் பெரிய வீலில் 25 கி.மீ. வேகம் தரும், குட்டி வீலில் வெறும் 19! ஆள் உட்கார்ந்தா இன்னும் குறையும். அதனால ஸ்பீடைக் கேட்காதீங்க, ஆர்.பி.எம். கேளுங்க. ஆள் ஏறின பிறகும் 250 சுற்று வந்தா 24 கி.மீ. கிடைக்கும். குட்டி வீலில் இழுவை கூடுதல் என்பதால் மேட்டிலும் அவ்வளவா திணறாது.

அதுக்கு மேல ஆசைப்படலாமா? 250 வாட்டுக்குள், 25 கி.மீ.க்குக் கீழே, பேட்டரி நீங்கலா 60 கிலோவுக்குள் இருந்தால்தான் சட்டப்படி அது சைக்கிள் கணக்கு. தாண்டினா பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பாங்க.

இன்னொண்ணு. தஞ்சாவூர் ரோட்டுக் குழியில் முதலில் மாட்டுறது குட்டி வீல்தான். மோட்டாருக்கு முன்னாடி பிரேக் கட்டையை மாத்துங்க. பஸ் போனா அடுத்த பஸ் வரும், மச்சி!