கணினிக்குப் பாடம் எடுக்கும் கண்கள்

கணினிக்குக் கண் வந்தால் எல்லாத் தொழிலுக்கும் லாபம் என்கிறார்கள். உண்மைதான்! அரிசி ஆலையில் கேமரா பார்த்துச் சொல்ல, கறுப்பு அரிசியைக் காற்று தட்டிவிடுகிறது. ஆனால் நுணுக்கமான விஷயங்களைப் பார்க்க அதற்குக் கற்றுக்கொடுப்பது யார்?

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலைப் பற்றி கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் எழுதினார்கள். 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்த 1,28,175 படங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது. அதை நிபுணத்துவம் என்கிறோம்.

திருப்பூரில் செக்கிங் பார்க்கும் அக்காக்கள் ஓட்டை எது, எண்ணெய்க் கறை எது என்று பிரித்துக் காட்டினால்தான் அங்கேயும் கேமரா தேறும். அதை மட்டும் ஏன் கூலி வேலை என்கிறோம்?

மெஷின் வாங்கும் முதலாளிகளே, அவர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மெஷினுக்கு வாத்தியாராக்கிச் சம்பளத்தையும் கூட்டுங்கள்!