பிரதியைக் கையில் வாங்கி வையுங்கள்

நிவித்திகலயில் ஒரு பெண் தலாக் ஆனவள் என்று ஊரே அறிந்திருக்கலாம். ஆனால் மறுமணப் பதிவுக்கு ஊரார் வாய்ச்சொல் போதாது. எழுத்தில் அத்தாட்சி வேண்டும்.

முஸ்லிம் சட்டப்படி மணந்தவர்களின் விவாகரத்து, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காதியாரின் பதிவேட்டில் பதியப்படுகிறது. பொதுச் சட்டப்படி மணந்தவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். இருவரின் பெயர், வழக்கிலக்கம், தீர்ப்புத் திகதி ஆகியவற்றை எழுதி, அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள்.

தீர்ப்பில் குறையிருந்தால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு. ஆகவே தீர்ப்பானவுடனேயே பிரதி கேளுங்கள்.

தாய்மாரே, மகளின் நிக்காஹ் பதிவோடு இதையும் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.